ராத்திரி முழுக்க சார்ஜில் விடலாமா? போன் பேட்டரி குறித்து வாசகர்கள் கேட்டவை

அம்மாவின் போனுக்கு மூன்று வயது. சில வாரமாகப் பின்மூடி லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அழுத்தினால் உட்கார்ந்துவிடுகிறது. பேட்டரி மாற்றினால் போதுமா, புது போன் வாங்க வேண்டுமா?
– வாசகி, தஞ்சாவூர்

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அதை அழுத்துவதை நிறுத்துங்கள், இன்றே சார்ஜ் போடுவதையும் நிறுத்துங்கள். உள்ளே பேட்டரி உப்பிவிட்டது. பேட்டரிக்குள் இருக்கும் திரவம் சிதைந்து வாயுவாக மாறுகிறது. உறை சீல் வைத்தது என்பதால் வாயு வெளியே போக வழியில்லாமல் உப்புகிறது. அந்த நிலையில் அழுத்தினாலோ குத்தினாலோ உள்ளே இருக்கும் மெல்லிய தகடுகள் ஒன்றோடொன்று தொட்டுத் தீப்பிடிக்கலாம்.

சந்தேகம் இருக்கிற மற்றவர்களும் தங்கள் போனைப் பார்த்துக்கொள்ளலாம். போனைக் கவரிலிருந்து கழற்றி, கண்ணாடி மேசையில் மல்லாக்க வைத்து ஒரு மூலையில் விரலால் தொடுங்கள். ஆடினாலோ சுற்றினாலோ முதுகு வளைந்திருக்கிறது. திரைக்கும் சட்டத்துக்கும் நடுவே நகம் நுழையும் அளவு இடைவெளி விட்டிருந்தாலும் அதே கதைதான். (கேமரா மேடு உள்ள போன்கள் சாதாரணமாகவே ஆடும். அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.)

போனை அணைத்து, மெத்தை, துணி, அடுப்பு எதுவும் அருகில் இல்லாமல் டைல்ஸ் தரையில் வைத்துவிட்டு, கம்பெனியின் அங்கீகரித்த சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்கள். பேட்டரி மாற்றுவதால் மட்டும் போட்டோக்கள் அழியாது. திரை நன்றாக இருந்து, செக்யூரிட்டி அப்டேட்டும் வந்துகொண்டிருந்தால், பேட்டரி மட்டும் மாற்றுவதே சரி. புது போனின் விலையோடு பார்த்தால் சிறிய செலவுதான். புதுப் பேட்டரியின் மேல் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும், பேட்டரிக்கான தர எண்ணான ஐ.எஸ். 16046-உம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பழையதைக் குப்பையில் போடாதீர்கள், அங்கேயே கொடுத்துவிடுங்கள். குப்பை வண்டியில் நசுங்கினால் அங்கே தீப்பிடிக்கும், ஆபத்து துப்புரவுப் பணியாளர்களுக்கு.

உணவு டெலிவரி வேலை. போன் எப்போதும் பைக் ஹேண்டில்பாரில், வெயிலில்தான். வாங்கி ஒன்றரை வருடத்தில் மதியத்துக்குள் சார்ஜ் காலி. பைக்கில் சார்ஜர் மாட்டியிருக்கிறேன், சில நேரம் ஏறவே மாட்டேன் என்கிறது.
– வாசகர், சேலம்

தம்பி, இது நீங்கள் போனைச் சரியாக வைத்துக்கொள்ளாததால் வந்ததில்லை. பேட்டரியைக் கெடுக்கிற அத்தனையும் உங்கள் வேலையில் ஒரே நேரத்தில் சேர்ந்துவிடுகிறது: நேர் வெயில், ஃபுல் பிரைட்னஸ், ஜி.பி.எஸ்., மொபைல் டேட்டா, போதாக்குறைக்கு சார்ஜிங்.

போனில் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. அதில் ஒரு முனை கிராஃபைட், அதாவது ஒருவகைக் கரி. அதன் மேல் ஒரு மெல்லிய படலம் உருவாகும். அது இருந்தால்தான் பேட்டரி வேலை செய்யும், ஆனால் சூடு ஏற ஏற அந்தப் படலம் தடித்துக்கொண்டே போய், சார்ஜைச் சுமக்கும் லித்தியத்தை விழுங்குகிறது. அப்படிப் போன லித்தியம் திரும்பி வராது. ஐபோனைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி வரைதான். சேலத்தில் மே மாதம் நிழலிலேயே அதைத் தாண்டிவிடும். வெயிலில் கிடக்கும் கறுப்புக் கண்ணாடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சார்ஜ் ஏறாமல் நிற்பது கோளாறு இல்லை. சூடு எல்லை மீறியதும் போனே சார்ஜை நிறுத்திப் பேட்டரியைக் காப்பாற்றுகிறது. அதற்காகச் சார்ஜரை மாற்றிச் செலவு செய்ய வேண்டாம்.

நான் சொல்வது இதுதான். வண்டி ஓடும்போது சார்ஜ் போடாதீர்கள். ஹோட்டல் வாசலில் ஆர்டருக்காக நிற்கும் நேரத்தில், நிழலில், கவரைக் கழற்றிவிட்டு பவர் பேங்கிலிருந்து ஏற்றுங்கள். தெரிந்த ஏரியா என்றால் மேப்பை அணைத்துப் போனைத் தோள்பைக்குள் போட்டுவிடுங்கள், பைக்கை நிறுத்திய பிறகு எடுத்துப் பார்த்தால் போதும். நேர் வெயில் படாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. சூடான போனை ஃப்ரிட்ஜில் வைப்பது, ஈரத்துணி போடுவது இரண்டும் கூடாது, உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். உங்கள் பேட்டரி தேய்ந்தது தேய்ந்ததுதான். இப்போதே மாற்றிவிட்டு, புதியதை இப்படிப் பார்த்துக்கொள்ளுங்கள். வேலைக்கான கருவியின் தேய்மானச் செலவு முழுவதும் ஓட்டுபவர் தலையில் விழுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கினால் ஓவர் சார்ஜ் ஆகிப் பேட்டரி போய்விடும் என்கிறார்களே?
– வாசகர், மதுரை

ஓவர் சார்ஜ் ஆகாது. 100 சதவீதம் ஆனதும் போனுக்குள் இருக்கும் சிப் வெட்டிவிடும். ஆனால் 100-லேயே மணிக்கணக்கில் நிற்பது பேட்டரியைத் தேய வைக்கும். அதோடு தலையணைக்கு அடியில் வைத்தால் சூடும் சேர்ந்துகொள்கிறது. தலையணை, மெத்தை பக்கமே சார்ஜ் போடாதீர்கள்.

மற்றதை போனே பார்த்துக்கொள்ளும். ஐபோனில் 2019-ல் வந்த ஐ.ஓ.எஸ். 13 முதல், நீங்கள் எழும் நேரத்தைக் கற்றுக்கொண்டு 80-க்கு மேல் ஏற்றுவதைத் தள்ளிப்போடும் வசதி இருக்கிறது. ஐபோன் 15 முதல் 80-ல் நிறுத்தும்படியே வைத்துவிடலாம். சாம்சங் உட்படப் பல ஆண்ட்ராய்டு போன்களிலும் பேட்டரி செட்டிங்ஸில் இதுபோன்ற வரம்பு உண்டு. போட்டு வையுங்கள். ஊருக்குக் கிளம்பும் நாளில் எடுத்துவிட்டு 100 ஏற்றுங்கள், ஒன்றும் ஆகாது. 20-க்கும் கீழே போகக்கூடாது, 80-க்கும் மேலே போகக்கூடாது என்று நாள் முழுக்கப் போனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

முழுசாகக் காலியான பிறகுதான் சார்ஜ் போட வேண்டும் என்பது உண்மையா?
– வாசகி, திருநெல்வேலி

அது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்குச் சொன்னது. 1991-ல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயானுக்கு நேர்மாறு: அடிக்கடி பூஜ்யம் வரை இறக்குவதுதான் கெடுதல். கிடைத்த நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். பேட்டரியின் ஆயுளைச் சார்ஜ் சுற்றுகளில் எண்ணுவார்கள், இரண்டு முறை 50 சதவீதம் செலவழித்தால்தான் ஒரு சுற்றாகக் கணக்கு. போன் 20 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே திடீரென அணைந்தால் மட்டும், ஒரு முறை முழுக்க இறக்கி முழுக்க ஏற்றிப் பாருங்கள். சதவீதக் கணக்கு ஓரளவு சரியாகும். அப்போதும் அணைந்தால் பேட்டரி தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

வால்பாறையில் ஆசிரியர் வேலை. பொள்ளாச்சி வீட்டில் இருந்தால் இரவு வரை நிற்கும் சார்ஜ், இங்கே மூன்று மணிக்கே தீர்ந்துவிடுகிறது. அதே போன், அதே உபயோகம்தான்.
– வாசகர், வால்பாறை

உபயோகம் அதேதான், டவர்தான் தூரம். சிக்னல் மெலிந்தால் போன் தன் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருக்கிறது, அதாவது ரேடியோவின் சக்தியைக் கூட்டுகிறது. சிக்னல் சுத்தமாகப் போனால் விடாமல் தேடுகிறது. நீங்கள் தொடாமல் மேசையில் வைத்திருந்தாலும் இந்த வேலை நடந்துகொண்டுதான் இருக்கும். பேட்டரி உபயோகப் பட்டியலில் ‘மொபைல் நெட்வொர்க்’ மேலே வந்திருக்கிறதா என்று பாருங்கள், தெரிந்துவிடும்.

5ஜி அங்கே வந்து வந்து போகிறது என்றால், நெட்வொர்க் செட்டிங்ஸில் 4ஜி மட்டும் என்று மாற்றுங்கள். இரண்டு சிம் போட்டிருந்தால், சிக்னல் கிடைக்காததை அங்கே இருக்கும்வரை அணைத்து வையுங்கள். பலர் கவனிக்காமல் விடுவது இந்த இரண்டாவது சிம்மைத்தான். பள்ளியில் வைஃபை இருந்தால் வைஃபை காலிங்கை (டவருக்குப் பதில் வைஃபை வழியாகப் பேசும் வசதி) போட்டுக்கொள்ளுங்கள். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கும்வரை ஃப்ளைட் மோடில் வைத்துப் பாருங்கள், மேலே வந்ததும் வித்தியாசம் தெரியும்.

ஆப்களை அடிக்கடி மேலே தள்ளி மூடினால் சார்ஜ் மிச்சமாகுமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

ஆகாது. மூடிய ஆப்பை மறுபடி முதலிலிருந்து திறக்கத்தான் கூடுதல் சார்ஜ் போகும். 2016-ல் இதே கேள்விக்கு ஆப்பிளின் மென்பொருள் பிரிவுத் தலைவர் கிரெய்க் ஃபெடெரிகி ‘இல்லை’ என்றே பதில் சொன்னார். ஏதாவது ஆப் தொங்கிப்போய் போனைச் சூடாக்கினால் அதை மட்டும் மூடுங்கள்.

டார்க் மோட் (கறுப்புப் பின்னணி) போட்டால் சார்ஜ் மிச்சமாகுமா?
– வாசகி, கோவை

ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓ.எல்.இ.டி. திரையில் மட்டுமே பயன். அதில் கறுப்பு என்றால் அந்தப் புள்ளி எரியவே எரியாது. எல்.சி.டி.யில் பின்விளக்கு எப்படியும் எரிந்துகொண்டிருக்கும். ஓ.எல்.இ.டி.யிலும் பிரைட்னஸைப் பொறுத்ததுதான். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தினர் 2021-ல் அளந்தபோது, முழு பிரைட்னஸில் 39 முதல் 47 சதவீதம்வரை மிச்சமானது, 30 முதல் 50 சதவீத பிரைட்னஸில் 3 முதல் 9 சதவீதம்தான். வீட்டுக்குள் இருந்தால் பிரைட்னஸைக் குறைப்பதே பெரிய லாபம்.

10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க், 5,000 எம்.ஏ.எச். போன். இரண்டு முறை ஏற வேண்டாமா? ஒன்றரை முறைதான் ஏறுகிறது. போலியா?
– வாசகர், திருச்சி

போலியாக இருக்க வாய்ப்பில்லை. 10,000 என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் பேட்டரியின் கணக்கு, அதாவது உள்ளே இருக்கும் மொத்த சக்தி 37 வாட் ஹவர். அதை 5 வோல்ட்டாக உயர்த்தும்போது கொஞ்சம் சக்தி சூடாக மாறி வீணாகும், போனுக்குள் ஏறும்போது இன்னும் கொஞ்சம் வீணாகும். பின்பக்கம் சின்ன எழுத்தில் ‘ரேட்டட் கெபாசிட்டி’ என்று 6,000 சொச்சம் போட்டிருக்கும். (அது 5 வோல்ட் கணக்கு. உங்கள் போனின் 5,000 அதைவிடக் குறைந்த பேட்டரி வோல்ட் கணக்கு என்பதால், இரண்டையும் நேரடியாக வகுக்க வேண்டாம்.) வாங்கும்போது அந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும். ஒன்றரை முறை ஏறினால் நல்ல பவர் பேங்க்தான்.

நான் துபாயில். ஊர் சிம்முக்கான போனை வீட்டில் பீரோவில் வைத்துவிட்டு வருவேன். ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் அதில் சார்ஜ் ஏறவே மறுக்கிறது.
– வாசகர், துபாய்

காலியாகவே வைத்துவிட்டு வருகிறீர்கள் என்று நினைக்கிறேன். அணைத்த போனிலும் சார்ஜ் மெல்லக் கசியும். ஓர் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால் பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று அதை ஏற்றவே விடாது. 100-ல் வைப்பதும் நல்லதில்லை. பாதியளவு, 50 சதவீதம் ஏற்றி, அணைத்து, ஓட்டுக்கூரைக்குக் கீழே இருக்கும் பரணில் வைக்காமல் வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி 50-க்கு ஏற்றி வைக்கும்படி வீட்டில் யாரிடமாவது சொல்லிவிட்டு வாருங்கள்.