ஃபாலோயரை விலைக்கு வாங்கலாமா? சமூக வலைதள விளம்பரம்: கேள்வி-பதில்

கேள்வி: கைப்பை தைத்து விற்கிறேன். ஒரு தொகை கொடுத்தால் இன்ஸ்டாகிராமில் 10,000 ஃபாலோயர்களைச் சேர்த்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பெரும்பாலும் ஆளில்லாத கணக்குகளைத்தான் சேர்த்துவிடுவார்கள். அதில் பை வாங்கப் போகிறவர் யாரும் இல்லை. பணம் போவதோடு முடிந்தாலும் பரவாயில்லை, இருக்கிற ரீச்சும், அதாவது பதிவு எத்தனை பேரைச் சென்றடைகிறது என்பதும், கெடும். பதிவை எவ்வளவு நேரம் பார்த்தார்கள், பார்த்தவர்களில் எத்தனை பேர் லைக் போட்டார்கள், எத்தனை பேர் இன்னொருவருக்கு அனுப்பினார்கள் என்ற மூன்றும்தான் ரீச்சுக்கு மிக முக்கியம் என்று இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் சொன்னார். போலிக் கணக்கு இந்த மூன்றில் எதையும் செய்யாது. பார்வையாளர் விவரம் காட்டும் இன்சைட்ஸில் வரும் ஊர், வயது விவரமும் குழம்பிப்போகும். அதை நம்பி விளம்பரம் கொடுத்தால் இரண்டாவது முறையும் பணம் வீண். போதாக்குறைக்கு, 2014 டிசம்பரில் நடந்ததுபோல போலிக் கணக்குகளை இன்ஸ்டாகிராமே மொத்தமாக நீக்கிவிட்டால், வாங்கிய எண்ணிக்கையும் மிஞ்சாது.

கேள்வி: ஃபேஸ்புக் பேஜ், விளம்பரக் கணக்கு எல்லாம் தாங்களே தொடங்கி நடத்துவதாக ஒரு ஏஜென்சி சொல்கிறது. ஒப்புக்கொள்ளும் முன் என்ன பார்க்க வேண்டும்?

பதில்: நடத்த விடுங்கள், தொடங்க விடாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் கோட்டைவிட்டுப் பல வருட உழைப்பைத் தொலைத்தவர்கள் நிறையப் பேர். பேஜும் விளம்பரக் கணக்கும் ஏஜென்சியின் பெயரில் இருந்தால், நாளை அவர்களோடு ஒத்துவராமல் போகும்போது வாடிக்கையாளர் விவரம், பழைய விளம்பரங்களின் கணக்கு, இதுவரை வந்த மெசேஜ்கள் எல்லாம் அவர்களோடே போய்விடும். ஏஜென்சியின் பிசினஸ் போர்ட்ஃபோலியோவில் (பேஜ், விளம்பரக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் வசதி) உருவாக்கிய விளம்பரக் கணக்கைப் பிறகு உங்கள் போர்ட்ஃபோலியோவுக்கு மாற்றவும் முடியாது.

எனவே ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டாவில் பிசினஸ் போர்ட்ஃபோலியோவை முதலில் நீங்களே உங்கள் பெயரில் தொடங்குங்கள். பேஜ், இன்ஸ்டாகிராம் கணக்கு, விளம்பரக் கணக்கு, பிக்சல் (உங்கள் இணையதளத்துக்கு வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் நிரல்) நான்கும் அதற்குள் இருக்கட்டும். விளம்பரப் பணம் உங்கள் கார்டிலிருந்தே போகட்டும். பிறகு ஏஜென்சியின் பிசினஸ் ஐடி எண்ணைக் கேட்டு வாங்கி, செட்டிங்ஸில் 'பார்ட்னர்ஸ்' பகுதியில் சேர்த்து, தேவையான வேலைக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். விலகும்போது அந்தப் பெயரை நீக்கினால் போதும். பாஸ்வேர்டை யாருக்கும் தர வேண்டியதே இல்லை. முழு அதிகாரம் உங்கள் தரப்பில் இரண்டு பேருக்கு இருக்கட்டும். ஒருவருடைய கணக்கு முடங்கினால் மற்றவர் உள்ளே போகலாம். இருவருமே டூ ஃபேக்டர் பாதுகாப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடும் கேட்பது) போட்டிருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் அவர்களுடைய கூலி தனியாகவும், மெட்டாவுக்குக் கட்டும் விளம்பரப் பணம் தனியாகவும் இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொன்னால், விளம்பரத்துக்கு உண்மையில் எவ்வளவு போனது என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. மெசேஜுக்கு யார் பதில் சொல்வது, எத்தனை மணி நேரத்துக்குள் சொல்வது என்பதையும் எழுதி வாங்குங்கள். எடுத்த வீடியோக்களின் ஒரிஜினல் ஃபைல்கள் உங்களுக்குத்தான் என்று ஒரு வரி அவசியம். 'வைரல் ஆக்கித் தருகிறோம்' என்ற உத்தரவாதத்தை யாராலும் காப்பாற்ற முடியாது.

கேள்வி: பதிவை மூன்று முறை பூஸ்ட் செய்தேன், அதாவது பணம் கட்டி அதிகம் பேருக்குக் காட்டினேன். லைக் குவிகிறது, விற்பனை இல்லை. ஏன்?

பதில்: நீங்கள் லைக் கேட்டீர்கள், லைக் போடுகிறவர்களாகத் தேடிப்பிடித்து இன்ஸ்டாகிராம் காட்டிவிட்டது. மெட்டாவின் விளம்பரங்களை அமைக்கும் ஆட்ஸ் மேனேஜருக்குப் போய், மெசேஜ் அனுப்பக்கூடியவர்களைத் தேடும்படி நோக்கத்தை மாற்றுங்கள். விற்பனையையே நோக்கமாக வைக்கலாமே என்று தோன்றும். ஆனால் யாருக்குக் காட்டினால் பலன் வரும் என்று மெட்டா கற்றுக்கொண்டு விளம்பரம் நிலைப்பட, ஒரு வாரத்தில் சுமார் 50 பலன்கள் வேண்டும். சின்ன பட்ஜெட்டில் 50 விற்பனை வராது, 50 மெசேஜ் வர வாய்ப்பு உண்டு. அந்த ஒரு வாரமும் படம், பட்ஜெட், ஊர் எதையும் மாற்றாதீர்கள். பெரிய மாற்றம் செய்தால் அந்தக் கற்றல் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். தினமும் கைவைப்பதுதான் பலர் செய்யும் தவறு.

பிறகு கணக்குப் பாருங்கள். 40 பேர் விசாரித்து 4 பேர் வாங்கினால், ஒரு பை விற்க 10 விசாரணைக்கான செலவு ஆகிறது. அது ஒரு பையின் லாபத்தைவிட அதிகமென்றால் விளம்பரத்தை நிறுத்துங்கள். அதற்கு முன் உங்கள் இன்பாக்ஸையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். இரவு 9 மணிக்கு 'விலை என்ன?' என்று கேட்டவருக்கு மறுநாள் மதியம் பதில் போயிருந்தால், குறை விளம்பரத்தில் இல்லை. விலையைப் பதிவிலேயே போட்டுவிடுங்கள். கேட்கக் கூச்சப்பட்டு விலகிப் போகிறவர்கள் ஏராளம்.

கேள்வி: ரீல்ஸ் எடுக்கும்போது எதில் கவனம் வேண்டும்?

பதில்: செங்குத்தாக, 1080-க்கு 1920 அளவில் எடுங்கள். கீழ்ப்பகுதியில் எழுத்து வைக்காதீர்கள். கேப்ஷனும் பட்டன்களும் மறைத்துவிடும். லோகோவில் தொடங்காமல், முதல் 2 நொடியிலேயே பொருளைக் காட்டுங்கள். ஜிப் சிக்காமல் ஓடுவது, உள்பக்கத் தையல், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் உள்ளே போய் நிற்பது: வாங்குகிறவர் கடையில் கையால் தொட்டுப் பார்ப்பதெல்லாம் இவைதான். சத்தம் இல்லாமலே பார்ப்பவர்களுக்காகப் பேச்சை எழுத்தாகவும் போடுங்கள். சினிமாப் பாட்டு வேண்டாம். வணிகப் பயன்பாட்டுக்கு உரிமை இல்லாத பாட்டென்றால் இன்ஸ்டாகிராம் வீடியோவின் ஒலியை அணைத்துவிடக்கூடும், வீடியோவையே நீக்கியும் விடக்கூடும். மெட்டாவின் சவுண்ட் கலெக்‌ஷனில் உள்ள இசை போதும்.

கேள்வி: ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்டில் அனுப்புவது பாதிப் பேருக்குப் போவதில்லையே?

பதில்: உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போகும். ஒரு பட்டியலில் 256 பேர்தான். எனவே பை கைக்குப் போனதும், 'எண்ணைச் சேமித்து வைத்தால் புது டிசைன் வரும்போது அனுப்புகிறோம்' என்று ஒரு வரி எழுதுங்கள். விருப்பமில்லாதவரைச் சேர்க்காதீர்கள், நிறையப் பேர் பிளாக் செய்தால் உங்கள் எண்ணே முடங்கலாம்.