கப்பலில் வந்த ஆட்டிறைச்சி வாங்கினால் போதுமா?

கேள்வி: வீட்டில் நான்கு பேர். ஞாயிறுதோறும் தேக்கா சந்தையில் ஒரு கிலோ ஆட்டிறைச்சி வாங்குகிறோம். ‘பருவநிலைக்குக் கேடு, கோழிக்கு மாறுங்கள்’ என்கிறான் தொடக்கக் கல்லூரியில் படிக்கும் மகன். கப்பலில் வரும் ஃபிரோசன் கறி வாங்கினால் போதாதா? ‘புல் மேய்ந்த ஆடு’ என்று கூடுதல் விலைக்கு விற்பது மேலா? - வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: கணக்கு உங்கள் மகன் பக்கம்தான். பல நாட்டுப் பண்ணைகளை அலசி 2018ல் வெளியான ஆய்வின்படி, ஒரு கிலோ ஆட்டிறைச்சிக்குச் சராசரியாக 24 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடான வெளியேற்றம். கோழிக்கு 6, கறிக்கென்றே வளர்க்கும் மாட்டுக்கு 60. ஆடும் மாடும் அசைபோடுபவை. வயிற்றில் தீனி நொதித்து, பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவாகி, ஏப்பமாக வெளிவருகிறது. கோழியிடம் அந்தத் தொல்லை இல்லை, தீவனமும் குறைவு.

ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் கோழிக்கு மாறினால் ஆண்டுக்கு 468 கிலோ குறையும். நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் ஏறக்குறைய மூன்று மாத மின்சாரம் அது.

ஃபிரோசன் யோசனையும் வீணல்ல. ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து சுமார் 3,900 கிலோமீட்டர் பறந்து வரும் ஒரு கிலோ கறிக்குப் பயணச் செலவு மட்டுமே நாலு கிலோ வெளியேற்றம். கப்பலில் 100 கிராமுக்குள் முடிந்துவிடும். ‘விமானத்தில் வந்ததா?’ என்று கடைக்காரரிடமே கேளுங்கள். ஆனால் கப்பலில் வந்தாலும் ஆடு ஆடுதான், கோழியைப்போல் மூன்று மடங்குக்கு மேல்.

ஃபிரோசன் கறி சக்கையாக இருக்கிறது என்பவர்கள் பெரும்பாலும் வெந்நீரில் போட்டு உருக்குகிறவர்கள். மேற்புறம் வெதுவெதுப்பாகிக் கிருமி பெருகும், நடுவில் கட்டி அப்படியே நிற்கும், வேக்காடும் சீராக இராது. ஒரு கிலோ பொட்டலத்தைக் குழிவான தட்டில் வைத்து, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் 24 மணி நேரம் விடுங்கள். வாங்கும்போதே பொட்டலத்துக்குள் பனித்தூள் திரண்டிருந்தால் இடையில் உருகி மறுபடி உறைந்ததாக இருக்கலாம், வேறு எடுங்கள்.

புல் மேய்ந்த ஆடா? ஆஸ்திரேலிய ஆடுகள் பெரும்பாலும் மேய்ச்சலில் வளர்பவையே. புல் தின்றால் மீத்தேன் குறைந்துவிடாது. பருவநிலைக்காக அதற்கு ஒரு வெள்ளிகூட அதிகம் கொடுக்க வேண்டாம்.

ஆட்டுக்கறி வாரத்திலும் அரை கிலோ கறியோடு 150 கிராம் மீல்மேக்கர் சேர்க்கலாம். உப்பிட்ட வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, இரண்டு முறை அலசி, ஒட்டப் பிழியுங்கள். இல்லாவிட்டால் சோயா வாடை போகாது. கறி வெந்த பிறகே போடுங்கள். முன்னதாகப் போட்டால் குழம்பை எல்லாம் அதுவே உறிஞ்சிவிடும்.