கிண்ணம் இல்லாத கிண்ணப் போட்டி

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டமான ‘சூப்பர் கிண்ண’ப் போட்டி எப்போது தொடங்கியது? ஒரே ஓர் ஆட்டத்தை அந்த நாடே திருவிழாவாகக் கொண்டாடுவது ஏன்?
– வாசகர் ஒருவர், யாழ்ப்பாணம்

பதில்: தொடங்கியது 1967 ஜனவரி 15 அன்று, லாஸ் ஏஞ்சலிஸ் கொலீசியத்தில். கிரீன் பே பேக்கர்ஸ் அணி 35-10 என்ற கணக்கில் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணியை வென்றது. முதல் கேள்விக்கான கடன் இத்துடன் தீர்ந்தது. இனி, ‘சூப்பர் பவுல்’ என்ற அதன் ஆங்கிலப் பெயரை மாற்றி நீங்கள் வைத்த ‘கிண்ண’த்துக்கு வருகிறேன்.

உலகக் கோப்பையை உலகக் கிண்ணம் என்றே வழங்கும் ஊரிலிருந்து எழுதுகிறீர்கள்; அதில் எனக்கு வழக்கு ஏதும் இல்லை. எங்கள் மெய்ப்புத் திருத்துநரோடுதான் பல ஆண்டுகளாக வழக்கு. ‘பவுல்’ என்ற சொல்லைக் கண்டதும் அவருடைய பேனா தானாகவே ‘கிண்ணம்’ என்று திருத்திவிடும். ஆனால் இந்தப் போட்டியில் வென்றவருக்குக் கிண்ணம் தருவதே இல்லை. தருவது, மூன்று பக்கத் தண்டின் மேல் சாய்ந்து நிற்கும் ஒரு வெள்ளிப் பந்து. 22 அங்குல உயரம், ஏறத்தாழ ஏழு பவுண்டு எடை. அதில் ஒரு மடக்கு மோர்கூட ஊற்ற முடியாது. அதை வடிவமைத்த டிஃபனி நிறுவனத்து ஆஸ்கார் ரீடனர், ஒரு பந்தை வாங்கிவந்து சமையலறை மேசையில் வைத்து, அதைப் பார்த்தபடியே கார்ன்ஃபிளேக்ஸ் சாப்பிட்டு முடித்து, காலியான அட்டைப்பெட்டியைக் கத்தரித்து அந்தத் தண்டின் மாதிரியைச் செய்தார் என்று ஒரு கதை உண்டு. ஆக, இந்த விவகாரத்தில் கிண்ணம் என்று ஒன்று இருந்தால், அது அவர் அன்று காலை உணவு உண்ட கிண்ணம் மட்டுமே.

பவுல் என்பது உண்மையில் அரங்கம். 1914-இல் யேல் பல்கலைக்கழகம் கிண்ணத்தைப் போலக் குழிந்த அரங்கம் ஒன்றைக் கட்டி அதை ‘யேல் பவுல்’ என்றது. அதைப் பார்த்துக் கலிபோர்னியாவின் பசடேனாவில் ‘ரோஸ் பவுல்’ எழுந்தது. பிறகு அரங்கத்தின் பெயர் அங்கே நடந்த புத்தாண்டு ஆட்டத்துக்கு ஒட்டிக்கொள்ள, ஆரஞ்சு, சர்க்கரை, பருத்தி என்று ஊருக்கொரு பவுல் பிறந்தது. 1966-இல் ஒன்றுக்கொன்று போட்டியாக இருந்த தேசியக் கால்பந்து லீக் (என்.எஃப்.எல்.), அமெரிக்கக் கால்பந்து லீக் (ஏ.எஃப்.எல்.) இரண்டும் இணைய ஒப்புக்கொண்டு, இரண்டின் சாம்பியன்களையும் மோதவிட முடிவு செய்தபோது, கன்சாஸ் சிட்டி அணியின் உரிமையாளர் லாமர் ஹன்ட், தம் பிள்ளைகள் துள்ளவிட்டு விளையாடிய ‘சூப்பர் பால்’ என்ற ரப்பர் பந்தின் நினைவில் ‘சூப்பர் பவுல்’ என்றார். என்.எஃப்.எல். ஆணையர் பீட் ரோசெலுக்கு எழுதிய கடிதத்தில், வேடிக்கையாகத்தான் அப்படிச் சொல்கிறேன், இதைவிட நல்ல பெயர் கிடைக்காமலா போகும் என்ற பொருளில் அவரே தயங்கியிருக்கிறார். ரோசெலுக்கும் அந்தப் பெயர் பிடிக்கவில்லை. முதல் இரண்டு ஆட்டங்களின் அதிகாரபூர்வப் பெயர் ‘ஏ.எஃப்.எல்.–என்.எஃப்.எல். உலக சாம்பியன்ஷிப் போட்டி’. (வேறெந்த நாட்டையும் அழைக்காமலே உலக சாம்பியன் ஆகும் வித்தையைப் பற்றி இந்தப் பக்கத்தில் முன்பே புலம்பிவிட்டேன்.) மக்களும் பத்திரிகைகளும் அந்த நீண்ட பெயரைச் சட்டை செய்யாமல் சூப்பர் பவுல் என்றே சொன்னதால், மூன்றாம் ஆட்டத்தில் லீகும் பணிந்தது. பெயர் அற்பமாகிவிட்டதே என்ற வருத்தத்தாலோ என்னவோ, பின்னர் ரோமன் எண்களைச் சூட்டி அதற்குக் கம்பீரம் தேடினார்கள். 2016-இல் ஐம்பதாவது ஆட்டம் வந்தபோது ரோமன் எண்ணில் ஐம்பதைக் குறிக்கும் ‘எல்’ என்ற ஒற்றை எழுத்து நன்றாக இல்லை என்று அந்த ஆண்டு மட்டும் 50 என்றே எழுதினார்கள்.

திருவிழா ஏன் என்றீர்கள். பேஸ்பாலிலும் கூடைப்பந்திலும் ஏழு ஆட்டத் தொடர்தான் சாம்பியனைத் தீர்மானிக்கிறது; இங்கே ஒரே ஞாயிற்றுக்கிழமை, தவறினால் அடுத்த ஆண்டுதான். பந்து உண்மையில் ஆட்டத்தில் இருக்கும் நேரத்தைக் கூட்டினால் கால்மணி நேரம் தேறுவதே அரிது. மீதி மூன்று மணிக்கும் மேலான நேரத்தைக் கோழி இறக்கையும் பாட்டும் விளம்பரமும் நிரப்புகின்றன. இது முதல் ஆட்டத்திலேயே தெரிந்துவிட்டது. அன்று இரண்டு தொலைக்காட்சிகள் ஒளிபரப்பின. இரண்டாம் பாதியின் தொடக்க உதை நடந்தபோது என்.பி.சி. இன்னும் இடைவேளையை விட்டு வரவில்லை என்பதால், அந்த உதையைச் செல்லாது என்று விட்டு மறுபடியும் உதைக்க வைத்தார்கள். அரங்கில் மூன்றில் ஒரு பங்கு இருக்கை காலியாகக் கிடந்த நாள் அது. அந்த ஒளிப்பதிவை முழுமையாகப் பாதுகாக்கவேண்டும் என்று இரண்டு நிறுவனங்களுக்கும் தோன்றவில்லை. 1993-இல், அசல் கிண்ணமான அதே ரோஸ் பவுலில், இடைவேளையில் மேடையேறிய மைக்கேல் ஜாக்சன் ஒரு நிமிடத்துக்கும் மேலாக அசையாமல் நிற்க, அரங்கம் கூச்சலிட்டுக்கொண்டே இருந்தது; அதுவரை பெரும்பாலும் கல்லூரி வாத்தியக் குழுக்களும் ஒப்பனை ஊர்வலங்களும் நிரப்பிவந்த இடைவேளை அன்றோடு ஆட்டத்துக்குச் சமமாயிற்று. 2025-இல் அரை நிமிட விளம்பரத்தின் விலை 80 லட்சம் டாலரைத் தொட்டது.

யாருக்கும் பிடிக்காத அந்தப் பெயர் இப்போது பதிவு பெற்ற வணிகச் சின்னம். அனுமதி வாங்காத விளம்பரதாரர்கள் வழக்குக்குப் பயந்து ‘பெரிய ஆட்டம்’ என்றே குறிப்பிடுகிறார்கள். லீக் அதையும் தன் பெயரில் பதிவு செய்ய முயன்று, எதிர்ப்பு கிளம்பியதால் 2007-இல் கைவிட்டது. கலிபோர்னியாவின் இரண்டு பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் ஆடும் கால்பந்துக்கு அதற்கு நெடுங்காலம் முன்பே அந்தப் பெயரை வைத்திருந்தன. இவ்வளவும் எழுதியபின், உங்கள் கேள்வியில் உள்ள கிண்ணத்தில் கைவைக்க வேண்டாம் என்று மெய்ப்புத் திருத்துநரிடம் சொல்லிவிட்டேன். வாழ்நாளில் முதல் முறையாக அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.