முரளிக்கு அப்புறம் ஏன் யாரும் வரல?

வணக்கம். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். இலங்கை கிரிக்கெட் அணியின் கதையையும் சுழற்பந்து வீரர் முத்தையா முரளிதரனைப் பற்றியும் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழும்பி, "சேர், முரளிக்கு அப்புறம் நம்ம மலையகத்து ஆள் யாரும் ஏன் வரல?" என்று கேட்டான். திறமை போதாது என்றுதான் பெரியவர்கள் சொல்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

திறமை போதாது என்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். இலங்கை அணியையும் ஒரு காலத்தில் அப்படித்தான் வெளியே நிறுத்தி வைத்திருந்தார்கள். 1975 உலகக் கிண்ணத்தில் அவுஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் ஜெஃப் தொம்சனின் பந்துகளில் அடிபட்டு சுனில் வெத்தமுனியும் துலிப் மென்டிஸும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அன்றும் நம் அணி 60 ஓவரில் 4 விக்கெட் மட்டும் இழந்து 276 ஓட்டம் எடுத்தது. 1979இல் இந்தியாவை 47 ஓட்டத்தால் வென்றது. ஆனாலும் டெஸ்ட் தகுதி, அதாவது பெரிய அணிகளோடு ஐந்து நாள் ஆட்டம் ஆடும் உரிமை, 1981இல்தான் கிடைத்தது. 1982இல் கொழும்பு சரவணமுத்து மைதானத்தில் முதல் டெஸ்ட். 14 வருடம் கழித்து, 1996 மார்ச் 17, லாகூரில் உலகக் கிண்ணம்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்தது ஒரே ஒரு டிவி, கார் பற்றரியில் ஓடியது. அரவிந்த டி சில்வா சதம் அடித்தபோது, விடிந்தால் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு) போகவேண்டிய அம்மாமார்கூட இடத்தை விட்டு அசையவில்லை.

சரி, முரளிக்கு வருவோம். அவருடைய தாத்தா தேயிலைத் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்தவர். அப்பா கண்டியில் பிஸ்கட் தொழில் நடத்தினார். அந்த வசதியில்தான் பிள்ளை கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தது. அங்கே மித வேகப் பந்து போட்டுக்கொண்டிருந்த 14 வயதுப் பையனை, சுழல் போட்டுப் பார் என்று மாற்றியவர் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ. எனக்கு முரளி கதையிலேயே முக்கியமான இடம் இதுதான். டெஸ்டில் எடுத்த 800 விக்கெட்டும் அப்புறம் வந்தவை. பந்தைச் சுழற்றும் அந்த மணிக்கட்டைக் கவனிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தார். அதே மணிக்கட்டு உங்கள் வகுப்பில் இருந்தால் யார் பார்ப்பது? 2007 டிசம்பர் 3, கண்டி அஸ்கிரியவில் இங்கிலாந்தின் கொலிங்வுட்டை போல்ட் எடுத்து 709ஆவது விக்கெட்டோடு, உலக சாதனை வைத்திருந்த ஷேன் வோர்னைத் தாண்டியபோது எல்லோரும் வெடி கொளுத்தினோம். லயத்துப் பிள்ளைக்கும் கதவு திறந்துவிட்டது என்று நானும் அன்று நம்பினேன். திறக்கவில்லை.

தமிழருக்கு இடமில்லை என்று சொல்லவும் முடியாது. 1948இல் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பில் ஆடியபோது இலங்கைக்குத் தலைவர் தமிழரான சதாசிவம். ஆனால் அவர் வந்தது கொழும்புக் கல்லூரி, கிளப் வழியாக. அதே 1948இல்தான் நம் மலையகத் தமிழரின் குடியுரிமையைச் சட்டம் போட்டுப் பறித்தார்கள். தேசிய அணிக்குப் போகும் பாதை பெரிய பாடசாலைகளின் கடினபந்துப் போட்டிகள் வழியே போகிறது. நம் பிள்ளைகள் விளையாடுவது மென்பந்து, அதுவும் சரிவில். தேயிலைக்குள் அடித்தால் அவுட். மலையில் சமதரையே இல்லையா? இருக்கிறது. ரதெல்லயும் தரவளையும் தோட்டத்துத் துரைமார் கிரிக்கெட் ஆடிய மைதானங்கள்தானே!

ஆகவே அந்தப் பையனிடம் முரளியைக் காட்டி "முயன்றால் முடியும்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள், அது அவனுக்குச் செய்யும் அநியாயம். அவன் கையில் ஒரு கடினபந்தைக் கொடுங்கள். முதல் வாரம் விரல் வலிக்கும், பரவாயில்லை. உங்கள் பாடசாலைக்குப் பக்கத்தில் 22 யார் (கெஜம்) நீள ஆடுகளப் பாய் விரிக்கிற அளவுக்குச் சமதரை இருக்கிறதா என்று அளந்து எழுதுங்கள். பாய்க்கும் இரண்டு சோடி பேடுக்கும் என் பங்கை நான் தருகிறேன். பழைய மாணவர்களிடமும் கேட்போம்.