திரையில் கணக்கு இருக்கிறது, சரக்கு எங்கே இருக்கிறது?

ஒரு நாட்டின் உணவு விநியோகச் சங்கிலியை வலுப்படுத்த டிஜிட்டல் தளங்கள் உண்மையிலேயே உதவுமா, அல்லது இது வெறும் விளம்பரப் பேச்சா என்று கேட்டிருக்கிறீர்கள். உதவும் என்பதே என் பதில். ஆனால் திரையில் தெரியும் எண்ணும் கிடங்கில் கிடக்கும் சரக்கும் ஒத்துப்போகும் வரையில்தான் உதவும்.

இதற்கு நான் அறிந்த மிகத் தெளிவான சான்று, செயலி என்ற சொல்லே புழக்கத்துக்கு வராத காலத்தைச் சேர்ந்தது. 1997 முதல் 2001 வரை கேரளக் கடற்கரையில் கைபேசிச் சேவை படிப்படியாக வந்தபோது மத்தி மீன் சந்தைகளில் என்ன நடந்தது என்பதைப் பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் 2007இல் வெளியான ஆய்வில் விவரித்திருக்கிறார். கைபேசி வருவதற்கு முன், 1997 ஜனவரியில் ஒரு நாள் காலை, வடகராவில் 11 மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் தவித்தபோது, 15 கிலோமீட்டருக்குள் இருந்த வேறு சந்தைகளில் மீன் வாங்க வந்த 27 பேர் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பும் நிலையில் இருந்தார்கள். பிறகு, படகில் இருந்தபடியே கரைக்குப் பேசி, தேவை உள்ள பக்கம் படகைத் திருப்பும் வழக்கம் வந்தது; அதுவரை பிடித்ததில் 5 முதல் 8 விழுக்காடு வரை வீணாகிக்கொண்டிருந்த நிலை அநேகமாக மறைந்தது. மீனவரின் லாபம் சராசரியாக 8 விழுக்காடு கூடியது. வாங்குவோர் கொடுத்த விலையோ 4 விழுக்காடு குறைந்தது.

அந்த மீனவர்களிடம் தகவல் வருவதற்கு முன்பே படகும் எஞ்சினும் இருந்தன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. குளிர்பதனக் கிடங்கும் வண்டியும் இல்லாத இடத்தில், எங்கே நல்ல விலை கிடைக்கிறது என்று தெரிந்துகொள்வது வயிற்றெரிச்சலைத்தான் கூட்டும். அறுவடைக்குப் பிறகு, சில்லறைக் கடையை எட்டும் முன்பே, உலகின் உணவில் சுமார் 14 விழுக்காடு இழக்கப்படுகிறது என்று ஐ.நா.வின் உணவு, வேளாண் நிறுவனம் 2019இல் மதிப்பிட்டது. அதில் ஒரு பகுதியைத் தகவல் மீட்கும், மற்றதைக் கிடங்கும் சாலையும்தான் மீட்க வேண்டும்.

உணவு கெட்டு மக்கள் நோயுறும்போது, அது எங்கிருந்து வந்தது என்று தடம் பிடிப்பது தளங்களின் இன்னொரு பயன். 2018 நவம்பரில் அமெரிக்காவில் ஈ.கோலை என்ற பாக்டீரியாத் தொற்று பரவியபோது, பாதிப்பு எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்று உடனே சொல்ல முடியாததால், ரோமெய்ன் லெட்டியூஸ் கீரையை யாருமே உண்ண வேண்டாம் என்று நாடு முழுவதற்கும் அறிவிக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு கைமாற்றமும் பதிவாகியிருந்தால் ஒரு சில தொகுதிகளை மட்டும் விலக்கியிருக்கலாம். அரசுகளுக்கும் இதே தேவை உண்டு: 2007-08இல் தானிய விலை ஏறியபோது, யாரிடம் எவ்வளவு இருப்பு என்ற தெளிவின்மையால் எழுந்த அச்சமே ஏற்றுமதித் தடைகளுக்குத் தூபம் போட்டது; 2011இல் ஜி20 நாடுகள் கோதுமை, மக்காச்சோளம், அரிசி, சோயா ஆகியவற்றின் நிலவரத்தைப் பகிர வேளாண் சந்தைத் தகவல் அமைப்பைத் தொடங்கியதற்கு இது ஒரு காரணம்.

இனி என் அனுபவம். ஒரு காய்கறிக் கிடங்கின் இருப்புக் கணக்கு மென்பொருளைச் சில காலம் கவனித்துக்கொண்டவன் நான். முதலில் வந்த சரக்கு முதலில் வெளியேற வேண்டும் என்பது அதன் விதி. இருந்தும் அழுகல் குறையவில்லை. பதிவுகளைப் புரட்டியபோது, பதினெட்டு வண்டிகளும் காலை பத்து மணியை ஒட்டிய இருபது நிமிடங்களுக்குள் வந்து சேர்ந்ததாக இருந்தது. உண்மையில் அவை நள்ளிரவு முதல் விடியும் வரை ஒவ்வொன்றாக வந்தவை. இறக்குபவர் கிழித்த அட்டைத் துண்டில் எடையைக் குறித்துவைக்க, எழுத்தர் காலையில் வந்து அத்தனையையும் ஒரே மூச்சில் தட்டச்சு செய்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இரவில் பதிவு செய்ய ஆளே வைக்காதது நிர்வாகத்தின் சிக்கனம். எடைமேடையிலிருந்து எடையும் நேரமும் தாமாகவே கணக்கில் ஏறும்படி இணைத்த பிறகுதான், நள்ளிரவில் வந்த மூட்டைகள் விடியலில் வந்தவற்றுக்கு முன்பாக வெளியே போகத் தொடங்கின.