இறங்கின இடத்தில் விசா: திருகோணமலை வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இலங்கைப் பாஸ்போட்டில் சுற்றுலாவாகக் கொஞ்ச நாள் வெளிநாடு போய்வர நினைப்பவர்களின் கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில். கேள்விக்கு வருமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒன் அரைவல் விசா, விசா விலக்கு, ஈ-விசா, அரைவல் கார்ட் நான்கும் வேறுவேறு. ஒன்றை மற்றதென்று எண்ணிக்கொண்டு டிக்கட் எடுப்பவர்கள்தான் கட்டுநாயக்கா விமானநிலையத்தில் மாட்டுப்படுகிறார்கள். இறங்கின நாட்டில் குடிவரவு அதிகாரியிடம் எடுப்பது ஒன் அரைவல். விசாவே தேவையில்லை என்பது விலக்கு. வீட்டிலிருந்து விண்ணப்பித்து, அனுமதி வந்தபிறகு புறப்படுவது ஈ-விசா. அரைவல் கார்ட் விசாவே அல்ல, வருகைப் படிவம்.

உவர்மலை: அண்ணை, குடும்பமா மாலைதீவு போக இருக்கிறம். அங்க இறங்கி விசா எடுக்கலாம் எண்டு சொல்லுகினம். என்ன என்ன கொண்டு போகவேணும்?

பதில்: ஓம், எடுக்கலாம். இலங்கைப் பாஸ்போட்டுக்கு மாலைதீவு 30 நாள் சுற்றுலா விசாவை இறங்கியதும் தரும். கட்டணம் இல்லை. அதற்காகக் கையை வீசிக்கொண்டு போக ஏலாது. திரும்பிவரும் டிக்கட், தங்கும் இடத்தின் புக்கிங், செலவுக்குக் காசு இருப்பதற்கான சான்று மூன்றும் வேண்டும். எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து ஒரே கோப்பில் வையுங்கள். புக்கிங் தாளில் பெரியவர்கள், பிள்ளைகள் எல்லோருடைய எண்ணிக்கையும் சரியாக இருக்கவேண்டும். இரண்டு பேருக்கு அறை போட்டுவிட்டு ஐந்து பேர் போய் நின்றால் கேள்வி வரும்.

அதோடு ஐமுகா என்ற பயணிப் பிரகடனம் இருக்கிறது. விமானம் புறப்பட முந்தைய 96 மணித்தியாலத்துக்குள், ஆளுக்கொன்றாக நிரப்பவேண்டும். போகும்போது ஒன்று, திரும்பும்போது இன்னொன்று. இதுவும் இலவசம். தேடினால் மேலே விளம்பரமாக வரும் தளங்கள் இதே படிவத்தை நிரப்பித் தருவதாகச் சொல்லி டொலரில் காசு எடுக்கும். உண்மையான தள முகவரி "ஜிஓவி டொட் எம்வி" என்று முடியும். காசு கேட்டால் அந்தப் பக்கத்தை உடனே மூடுங்கள்.

பெட்டிக்குள்ளேயும் பாருங்கள். மதுபானம், பன்றி இறைச்சி, வழிபாட்டுக்கான விக்கிரகங்கள் மாலைதீவுக்குள் கொண்டுபோக ஏலாது. கோணேசர் கோயிலில் வாங்கிய சின்னச் சிலை கைப்பையில் கிடந்தால் வீட்டில் எடுத்து வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.

கிண்ணியா: நானா, தாய்லாந்துக்கு விசா வேணுமா?

பதில்: 2024 ஜூலை 15 முதல் தாய்லாந்தின் 60 நாள் விசா விலக்குப் பட்டியலில் இலங்கையும் சேர்ந்தது. இது ஒன் அரைவல் அல்ல, விலக்கு. ஆகவே விசாக் கட்டணக் கவுண்டரில் நிற்காமல் நேரே குடிவரவு வரிசைக்குப் போகவேண்டும். நாள் கணக்கை அந்த நாடு மாற்றக்கூடியது என்பதால், டிக்கட் எடுக்கும் அதே வாரத்தில் கொழும்பிலுள்ள தாய்லாந்துத் தூதரகத்தின் தளத்தைப் பாருங்கள். போன வருடம் போய்வந்த மச்சான் சொன்னதை நம்பி டிக்கட் எடுக்காதீர்கள்.

2025 மே 1 முதல் டிஜிட்டல் அரைவல் கார்ட் கட்டாயம். வந்திறங்கும் நாளுக்கு முந்தைய 3 நாளுக்குள் நிரப்பவேண்டும். இலவசம். காசு கேட்கும் தளம் போலி.

பாலையூற்று: சிங்கப்பூர், மலேசியா ரெண்டும் ஒரே பயணத்தில போகலாமா?

பதில்: போகலாம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. சிங்கப்பூருக்குக் குறுகிய சுற்றுலாவுக்கு விசா வேண்டாம். அரைவல் கார்ட்டை முந்தைய 3 நாளுக்குள் நிரப்பினால் போதும், இலவசம். மலேசியாவுக்கு ஈ-விசா முன்கூட்டியே எடுத்தாகவேண்டும். இரண்டு நாட்டுக்கும் நடுவிலுள்ள ஜொகூர் பாலத்தில் போய் நின்று கேட்டால் திருப்பி அனுப்புவார்கள்.

நிலாவெளி: அண்ணா, திரும்பி வாற டிக்கட் இல்லாம போகலாமா? டம்மி டிக்கட் எண்டு 2000 ரூபாவுக்குச் செய்து குடுக்கிறாங்கள்.

பதில்: வேண்டாம். டம்மி டிக்கட் என்பது இடத்தைப் பிடித்து வைத்த பதிவு மட்டுந்தான். ஆறு எழுத்து, எண் கொண்ட பதிவுக் குறியீடு இருக்கும். டிக்கட் எண் இருக்காது. காசு கட்டும் தவணை தாண்டியதும் கணினி அதைத் தானாகவே அழித்துவிடும். காலையில் உயிரோடு இருந்த பதிவு இரவு கவுண்டருக்குப் போகும்போது இல்லாமல் போயிருக்கும்.

நிலாவெளி: எத்தனையோ பேர் அப்பிடித்தான் போட்டு வந்தவங்கள் அண்ணா. ஒருத்தரும் பாக்கிறேல்ல.

மூதூர்: ஓம், எனக்குத் தெரிஞ்ச மூணு பேர் போய் வந்தாங்க. சும்மா பயமுறுத்தாதீங்க.

பதில்: பார்க்காத நாளில் போனவர்களைத்தான் உங்களுக்குத் தெரியும். திருப்பி அனுப்பப்பட்டவர்கள் வெளியில் சொல்வதில்லை. ஏன் பார்க்கிறார்கள் என்பதைச் சொல்கிறேன். நுழைய அனுமதி கிடைக்காத பயணியைத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு, ஏற்றிவந்த விமான நிறுவனத்தின் தலையில் விழும். சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான சிக்காகோ உடன்படிக்கையின் 9ஆம் இணைப்பிலேயே அது இருக்கிறது. பல நாடுகள் அதற்குமேல் தண்டப்பணமும் அறவிடும். அதனால் உங்கள் விசா விஷயத்தில் முதல் முடிவு எடுப்பவர் மாலேயிலோ பாங்கொக்கிலோ இருக்கும் அதிகாரி அல்ல, கட்டுநாயக்காவில் உங்கள் பெட்டியை நிறுக்கும் விமான நிறுவன ஊழியர். அவர் முன்னால் உள்ள திரையில் டைமாட்டிக் என்ற தரவுத்தளம் இருக்கிறது. எந்தப் பாஸ்போட், எந்த நாடு, என்ன தேவை என்று அதில் வரும். அதில் "திரும்பும் டிக்கட் வேண்டும்" என்று இருந்தால் அவர் கேட்டே தீருவார். அவரோடு வாதாடிப் பிரயோசனமில்லை.

மூதூர்: அப்ப உண்மையான டிக்கட்டா எண்டு அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?

பதில்: நல்ல கேள்வி. உண்மையான ஈ-டிக்கட்டில் 13 இலக்க எண் இருக்கும். முதல் மூன்று இலக்கமும் விமான நிறுவனத்தின் குறியீடு. ஸ்ரீலங்கன் என்றால் 603. மலிவு விலை நிறுவனங்கள் சில இந்த எண்ணைத் தருவதில்லை. அங்கே பதிவுக் குறியீட்டோடு காசு கட்டிய பற்றுச்சீட்டு இருக்கவேண்டும். முகவர் தந்த தாளை வாங்கியதும் அந்த நிறுவனத்தின் தளத்துக்குப் போய், பதிவுக் குறியீட்டையும் கடைசிப் பெயரையும் போட்டு நீங்களே பாருங்கள். பதிவே வராவிட்டாலோ, காசு கட்டப்படவில்லை என்று காட்டினாலோ, உங்கள் கையில் இருப்பது வெறும் தாள்.

திரும்பும் நாள் நிச்சயமில்லை என்றால் நாள் மாற்றக்கூடிய டிக்கட்டோ காசு திரும்பும் டிக்கட்டோ எடுங்கள். விலை கூடத்தான். டம்மி தாளால் போகும் டிக்கட்டையும் இழப்பதைவிட அது குறைவு.

தம்பலகாமம்: ஐயா, தாய்லாந்துக்கு விசா எடுக்கவேணுமா?

பதில்: மேலே கிண்ணியாக்காரருக்குச் சொல்லியிருக்கிறேன்.

கிண்ணியா (இன்னொருவர்): பாஸ்போட்டில பேர் நீளமா இருக்கு. டிக்கட்டில எம்.எச்.எம். எண்டு போட்டா காணுமா?

பதில்: காணாது. இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்லவேண்டும். நம்முடைய ஊரில் தமிழரும் முஸ்லிம்களும் அதிகம் மாட்டுப்படுவது விசாவில் அல்ல, பெயரில்.

அடையாள அட்டையில், பாடசாலைச் சான்றிதழில், வங்கிப் புத்தகத்தில் எப்படி இருந்தாலும் கணக்கில் எடுப்பது பாஸ்போட்டை மட்டுந்தான். அதிலும் படம் உள்ள பக்கத்தின் அடியில் இரண்டு வரி இருக்கிறதே, அதைப் பாருங்கள். ஒரு வரிக்கு 44 இடம். விமானநிலையக் கருவி வாசிப்பது அதைத்தான். முதல் வரியில் நாட்டுக் குறியீடான எல்கேஏ முடிந்ததும் குடும்பப் பெயர் தொடங்கும். பிறகு இரண்டு அம்புக்குறிகள் சேர்ந்து வரும். அதற்குப் பின்னால் வருவதெல்லாம் மற்றப் பெயர்கள். ஒற்றை அம்புக்குறி வெறும் இடைவெளி.

தகப்பன் பெயர் கந்தசாமி, பிள்ளை பெயர் ரூபன் என்று வைப்போம். இரட்டை அம்புக்குறிக்கு முன்னால் கந்தசாமி இருந்தால் படிவத்தில் குடும்பப் பெயர் கந்தசாமி, மற்றப் பெயர் ரூபன். வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறார்கள், கையெழுத்து எப்படி என்பது இங்கே கணக்கில்லை. தலைகீழாகப் போட்டால் டிக்கட் ஒரு பெயர், விசா இன்னொரு பெயர் என்று ஆகிவிடும். முதலெழுத்து மட்டும் போடுவதும் அப்படித்தான்: பாஸ்போட்டில் முஹம்மது என்று விரிந்திருந்தால் டிக்கட்டிலும் விரியவேண்டும். எழுத்துக்கூட்டல் ஒரு எழுத்தும் மாறக்கூடாது. நீளம் போதாமல் விமான நிறுவனத்தின் கணினி கடைசியில் வெட்டினால் பரவாயில்லை, நீங்களாக வெட்டாதீர்கள்.

ஒரே ஒரு பெயர் மட்டும் உள்ளவர்கள் டிக்கட் எடுக்குமுன் அந்த நிறுவனத்திடம் கேளுங்கள். சிலர் அதே பெயரை இரண்டு இடத்திலும் போடச் சொல்வார்கள், சிலருக்கு வேறு முறை. பிழையான பெயரில் எடுத்த டிக்கட்டைத் திருத்தக் காசு கேட்பார்கள். சில நிறுவனங்கள் திருத்தவே மாட்டா.

சாம்பல்தீவு: காசி போயிட்டு அப்பிடியே நேபாளம் பசுபதிநாதர், முக்திநாத் போய்வர ஆசை. ரெண்டு இடத்திலயும் இறங்கி விசா எடுக்கலாமோ அண்ணை?

பதில்: நேபாளத்தில் எடுக்கலாம், இந்தியாவில் ஏலாது. இந்தியா 2014 நவம்பரில் தொடங்கிய இணைய விசாவுக்கு முதலில் "ஒன் அரைவல்" என்றே பெயர் வைத்தது. குழப்பம் வந்ததால் அடுத்த வருடமே ஈ-சுற்றுலா விசா என்று மாற்றியது. அந்தப் பழைய பெயரை இன்னும் சிலர் சொல்லித் திரிகிறார்கள். நமக்கு ஈ-விசா அல்லது தூதரக விசாதான். ஈ-விசாவைப் புறப்பட முன்னரே எடுத்து, அனுமதித் தாளைப் பிரிண்ட் எடுக்கவேண்டும்.

உங்கள் பயணத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. காசியிலிருந்து நேபாளம் போய்த் திரும்ப இந்தியா வந்தால் அது இரண்டாம் நுழைவு. உங்கள் விசா எத்தனை நுழைவுக்கு என்று பாருங்கள். ஈ-விசாவோடு நுழையக்கூடிய விமானநிலையங்களுக்கும் துறைமுகங்களுக்கும் பட்டியல் உண்டு. நேபாள எல்லையிலுள்ள சுனௌலி வழியாக பஸ்ஸில் திரும்பலாம் என்று திட்டம் போடுமுன் அந்தப் பட்டியலைப் பாருங்கள், அல்லது தூதரக விசாவே எடுங்கள்.

நேபாளத்தில் சார்க் நாட்டவருக்கு, ஆப்கானிஸ்தான் நீங்கலாக, ஒரு நாட்காட்டி வருடத்தின் முதல் பயணத்துக்கு 30 நாள் இலவசம். அதே வருடத்தில் திரும்பவும் போனால் 15 நாளுக்கு 30 டொலர், 30 நாளுக்கு 50, 90 நாளுக்கு 125. படிவத்தைப் புறப்பட முந்தைய 15 நாளுக்குள் இணையத்தில் நிரப்பி, பட்டைக்குறி உள்ள தாளைப் பிரிண்ட் எடுங்கள். கட்டணம் உண்டென்றால் காத்மண்டுவில் முதலில் வங்கிக் கவுண்டர், அதன் பற்றுச்சீட்டோடு குடிவரவுக் கவுண்டர். காசு கட்டாமல் நேரே குடிவரவு வரிசையில் நின்றால் திரும்பவும் பின்னால் போகவேண்டி வரும். டொலர் நோட்டில் கிழிசல், பேனாக் கீறல் இருந்தால் வாங்கமாட்டார்கள்.

கந்தளாய்: டுபாய்க்கு ஒன் அரைவல் இருக்கா?

பதில்: இலங்கைச் சாதாரண பாஸ்போட்டுக்கு இல்லை. முன்கூட்டியே எடுக்கவேண்டும்.

உப்புவெளி: எங்கட கெஸ்ட் ஹவுஸுக்கு வாற வெள்ளைக்காரருக்கு என்ன விசா?

பதில்: அது இலங்கைக்குள் வருபவர்கள் இணையத்தில் எடுக்கும் பயண அனுமதியான ஈ.டி.ஏ. விருந்தினரை அரசின் ஈ.டி.ஏ. தளத்துக்கு அனுப்புங்கள், முகவரி "ஜிஓவி டொட் எல்கே" என்று முடியும். இதிலும் போலித் தளங்கள் ஏராளம்.

அன்புவழிபுரம்: பாஸ்போட் இன்னும் 5 மாதம் இருக்கு. தாய்லாந்து விசா இல்லாமல் போகலாம்தானே?

பதில்: 6 மாதம் வேண்டும். இறங்கும் நாளிலிருந்து எண்ணுங்கள், டிக்கட் எடுக்கும் நாளிலிருந்து அல்ல. மாலைதீவு ஒரு மாதம் போதும் என்கிறது. அதற்காக விளிம்பில் போகாதீர்கள். புதுப்பித்துக்கொண்டு போங்கள். நமக்குக் கிட்ட வவுனியாக் கிளை அலுவலகம், ஹொரவப்பொத்தானை வழியாகப் போகலாம். பிள்ளைகளின் பாஸ்போட்டையும் சேர்த்துப் பாருங்கள். அதைக் குறுகிய காலத்துக்கு எடுத்துவிட்டு மறந்துவிடுவது வழக்கம்.

சீனக்குடா: தாய்லாந்துக்கு விசா வேணுமா? அங்க கம்பியூட்டர் வேலை இருக்காம், விசா இல்லாமலே வரலாமாம். டிக்கட்டும் அவங்களே போடுவாங்களாம்.

பதில்: தம்பி, முதல் கேள்விக்கு மேலே பதில் இருக்கிறது. இரண்டாவதற்கு நேரே சொல்கிறேன்: போகவேண்டாம். சுற்றுலாவாக நுழைந்தவர் எந்த நாட்டிலும் வேலை செய்ய ஏலாது. "டிக்கட் நாங்கள் போடுகிறோம், சம்பளம் டொலரில், பாங்கொக்கில் வந்து இறங்கு" என்ற பேச்சை நம்பிப் போன இலங்கைப் பிள்ளைகள் எல்லை தாண்டி மியன்மாரின் மியாவடி முகாம்களில் அடைபட்டு, இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். பாஸ்போட்டைப் பறித்தபிறகு 60 நாள் விலக்கால் ஒரு பிரயோசனமும் இல்லை. உண்மையான வேலை என்றால் வேலை விசாவும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவும் இருக்கும். புறப்பட முன் அந்த முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று பணியகத்தில் கேளுங்கள். அம்மாவுக்கும் இதைக் காட்டுங்கள்.

லிங்கநகர்: நாள் கூடி நிண்டா என்ன செய்வாங்கள்?

பதில்: தாய்லாந்தில் நாளுக்கு 500 பாத், உச்சம் 20,000. 90 நாளுக்கு மேல் தாண்டினால் தானாகப் போய் நின்றாலும் ஒரு வருடத் தடை. பிடிபட்டால் இன்னும் மோசம்.

நிலாவெளி: சரி அண்ணா, டம்மியை விட்டிட்டு உண்மையான டிக்கட் எடுத்திட்டன். 603 எண்டு தொடங்குது. காணுமோ?

பதில்: காணும். பெயரைப் பாஸ்போட்டின் அடி வரியோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். தாள்களை டவுனிலேயே பிரிண்ட் எடுத்துவிடுங்கள். விமானத்துக்கு 3 மணித்தியாலம் முன்னால் கட்டுநாயக்காவில் நிற்கிற மாதிரி இரவு ரயிலையோ பஸ்ஸையோ பாருங்கள்.