ரிசீவர்ல 145 வாட், வால்யூம்ல மைனஸ் 25: எதை நம்புறது?

கேள்வி: புதுசா ஒரு டெனான் ரிசீவர் (ஹோம் தியேட்டர் ஸ்பீக்கருக்கெல்லாம் பவர் கொடுக்கற ஆம்ப்ளிஃபையர்) வாங்கினேன். பெட்டில சேனலுக்கு, அதாவது ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும், 145 வாட்னு போட்டிருக்கு, ஆனா வால்யூமை மைனஸ் 25க்கு ஏத்தினாதான் படம் நல்லா கேக்குது. ஃப்ரெண்டு வீட்டு டெனான்ல 55னு காட்டுது. என்னோடதுல பவர் கம்மியா? 200 வாட்டுக்கு மாத்திடலாமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: மாத்தாதீங்க, காசுதான் வேஸ்ட். முதல்ல அந்த 55. டெனான், மராண்ட்ஸ் ரெண்டு கம்பெனி ரிசீவர்லயும் மெனுல வால்யூம் ஸ்கேலை மாத்தலாம், 0ல இருந்து 98 வரைக்கும் போற ஸ்கேல்ல 80ங்கறதுதான் உங்க வீட்டு மைனஸ் ஸ்கேல்ல 0 டெசிபல், அப்போ 80ல 25 போனா 55, உங்க வீட்லயும் அவர் வீட்லயும் ஒரே வால்யூம்தான்.

ரிசீவரோட வர்ற மைக்கை வச்சு ஸ்பீக்கர் சத்தத்தை அளந்து செட்டப் பண்ணியிருந்தா அந்த 0ங்கறது தியேட்டர் அளவு. அதுல ஒவ்வொரு ஸ்பீக்கர்லயும் வெடிச்சத்தம் மாதிரி உச்சகட்ட சத்தம் நீங்க உக்காந்திருக்கிற இடத்துல 105 டெசிபல் வரைக்கும் போகும். நீங்க 25 கீழ வச்சிருக்கீங்க, அதனால உச்சமே 80தான். 88 டெசிபல் சென்சிடிவிட்டி (1 வாட் கொடுத்தா 1 மீட்டர் தள்ளி வர்ற சத்தம்) உள்ள ஸ்பீக்கர்னா சுமார் 3 மீட்டர் தள்ளி 80 டெசிபல் வர்றதுக்கு கிட்டத்தட்ட 1 வாட் போதும். ஆமா, ஒரே ஒரு வாட்! மைனஸ் 15க்கு ஏத்தினா 10 வாட், மைனஸ் 5க்கு 100 வாட், ஏன்னா 10 டெசிபல் ஏறணும்னா பவர் பத்து மடங்கு வேணும், ஆனா காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமாதான் தெரியும். இதே கணக்குல 145க்கும் 200க்கும் வித்தியாசம் ஒன்றரை டெசிபல்கூட இல்ல, மாத்தினாலும் கண்டுபிடிக்கறது கஷ்டம்.

அந்த 145ஐயும் அப்படியே நம்பாதீங்க, பக்கத்துல பொடி எழுத்துல இருக்கிறதைப் படிங்க. 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், ஒரு சேனல் மட்டும்னு இருந்தா அது பெருசா காட்டுற நம்பர். 8 ஓம், 20ல இருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும், ரெண்டு சேனல், டிஸ்டார்ஷன் (சத்தம் சிதையுற அளவு) 0.08 சதவீதம்னு இருக்கிற நம்பரை வச்சு மட்டும் கம்பேர் பண்ணுங்க, அது 80 வாட்னு இருந்தாலும் அதுதான் நேர்மையான நம்பர். இதையெல்லாம் சொல்லியே ஆகணும்னு அமெரிக்காவுல 1974லயே விதி கொண்டு வந்துட்டாங்க, நம்ம ஊர்ல பிஎம்பிஓன்னு ஒரு ஊதிப் பெருக்கின கணக்குல ஆயிரக்கணக்குல வாட் போட்டு டேப் ரெக்கார்டர் வித்த காலத்தை நினைச்சா இப்பவும் கோவம்தான் வருது.

மிச்சமாகுற காசை நல்ல சப்வூஃபர்ல (பேஸ் சத்தத்துக்குன்னே இருக்கிற தனி ஸ்பீக்கர்) போடுங்க. ரிசீவர் மெனுல ஸ்பீக்கரை ஸ்மால்னு வச்சு கிராஸ்ஓவர் (எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழ சத்தம் சப்வூஃபருக்குப் போகணும்ங்கற எல்லை) 80 ஹெர்ட்ஸ் கொடுத்தா பேஸ் சுமையை சப்வூஃபரோட சொந்த ஆம்ப் வாங்கிக்கும், ரிசீவருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும்.

கேள்வி: வால்யூமை எதுவரைக்கும் ஏத்தினா ஸ்பீக்கருக்கு ஆபத்து இல்ல? (வாசகர், ஈரோடு)

பதில்: இதுதான் எல்லைன்னு ஒரு நம்பர் கிடையாது. சத்தம் கரகரன்னு காதைக் குத்த ஆரம்பிச்சா ஆம்ப் கிளிப் ஆகுதுன்னு, அதாவது சக்திக்கு மீறி ஓடி சத்தத்தை வெட்டுதுன்னு அர்த்தம், அப்படியே ஓட்டினா முதல்ல போறது ட்வீட்டர்தான் (கீச்சு சத்தம் தர்ற சின்ன ஸ்பீக்கர்), உடனே குறைச்சிடுங்க. ரிசீவர் திடீர்னு தானா ஆஃப் ஆனா மேல செட்டாப் பாக்ஸ் வச்சு காத்து போற ஓட்டையை அடைச்சிருக்கீங்களான்னு பாருங்க, பின்னாடி ஸ்பீக்கர் ஒயர் நூல் ஒண்ணு பிரிஞ்சு பக்கத்து டெர்மினலைத் தொடுதான்னும் ஒரு தடவை பாத்துடுங்க.